அஞ்செட்டி மலையிலிருந்து சேலம் வரை: குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுடன்

ஞாயிறு, கிருஷ்ணகிரி

இந்த வாரம் முழுவதும் எழுதப்போகும் குறிப்புகளில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. பணியாளர்களின் பெயர்களும் இருக்கமாட்டா. குழந்தைகளைப் பற்றிய செய்திகளில் ஊர், வயது, வகுப்பு எதுவும் அடையாளம் தெரியும்படி வராது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களில் குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்க வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கென்று எளிய தமிழில் ஒரு கையேடு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தது. சென்னையில் உட்கார்ந்து எழுதினால் அரசாணையைப் படிப்பதுபோல் இருக்கும், ஒரு வாரம் எங்களோடு சுற்றிவிட்டு எழுதுங்கள் என்று அதன் ஒருங்கிணைப்பாளர் சொன்னதால், வேலூர், வாணியம்பாடி வழியாகப் பேருந்தில் வந்து இன்று மாலை இங்கே இறங்கினேன்.

இறங்கியதும் தேநீருக்கு முன்பாகவே ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். எந்தக் குழந்தையுடனும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டமோ பரிசோ கொடுக்கக் கூடாது, தூக்கிக் கொஞ்சக் கூடாது, நடந்ததைக் கேட்கக் கூடாது. காவல் துறையின் நன்னடத்தைச் சான்றை முன்னதாகவே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களின் பின்னணியைக் காவல் துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. ஆனால் விதி இருப்பதால் மட்டும் இவர்கள் இதைச் செய்வதில்லை. குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய நினைப்பவன் குழந்தைகள் இருக்கும் இடத்தைத் தேடித்தான் வருவான், அந்த இடம் எங்கள் அலுவலகமாகவும் இருக்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சொன்னார். பிறரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் தன்னையே சந்தேகத்துக்கு உட்படுத்திக்கொள்ளும் நிறுவனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

திங்கள், கிருஷ்ணகிரி

இன்று ஆசிரியர்களுக்கான பயிற்சி. பள்ளிக்கூட மதில்மேல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. இரண்டில் பழையது 1098. 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சைல்டுலைன் சேவைக்காக, தெருவில் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகும்படி பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் அமைந்த எண் அது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்களின் கையிலேயே இருந்த அந்தச் சேவை, 2023இல் மாநில அரசுகளின் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, 112 என்ற அவசர உதவி எண்ணோடு இணைக்கப்பட்டது.

ஒருங்கிணைப்பாளர் பயிற்சியைத் தொடங்கிய விதம் எனக்குப் புதிது. சட்டத்தையும் புள்ளிவிவரத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்தார். “உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று, ‘டீச்சர், அந்த மாமா வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கல’ என்று சொல்கிறது. உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை எழுதுங்கள். யோசித்து எழுதாதீர்கள், வருவதை எழுதுங்கள்” என்றார். தாள்களை வாங்கிக் குலுக்கி ஒவ்வொன்றாகப் படித்தார். “ஏன், என்ன ஆச்சு?” என்பது பலர் எழுதியது. “பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது” என்று சிலர். “அம்மாகிட்ட சொன்னியா?” என்று சிலர். ஒரே ஒருவர் “எவன் அவன்?” என்று எழுதியிருந்தார், அரங்கம் சிரித்தது.

அதற்குப் பிறகு மதியம்வரை அந்த நான்கு பதில்களைப் பற்றியே பேச்சு ஓடியது. “பெரியவர்களை அப்படிச் சொல்லக் கூடாது” என்ற பதில் கதவைச் சாத்திவிடுகிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது. “எவன் அவன்?” என்ற கோபம் குழந்தையின் பக்கம் நிற்பதுபோலத் தெரிந்தாலும், அதைக் கேட்கும் பிள்ளை, தன்னால் ஒரு கலவரம் வரப்போகிறது என்று பயந்து அடுத்த நிமிடமே சொன்னதை மாற்றிச் சொல்லும் என்பது பலருக்குப் புரியவில்லை, இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லி விளக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒரே மூச்சில் முழுவதையும் சொல்லிவிடுவதில்லை. கேட்பவர் எப்படித் தாங்குகிறார் என்று பார்ப்பதற்காகவே ஒரு சிறு துண்டை முதலில் வைக்கிறார்கள். அந்தத் துண்டு பெரும்பாலும் மாமா வீடு, டியூஷன், வயிற்றுவலி, இரவில் விளக்கை அணைக்காதே என்ற அடம் ஆகிய உருவங்களில்தான் வரும். அந்த நேரத்தில் ஆசிரியர் செய்யக்கூடியது, அருகில் உட்கார்ந்து, “நீ சொன்னது நல்லது, சொல்லு” என்று கேட்டுக்கொண்டு, பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே தேதியோடு எழுதி வைத்துக்கொள்வது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் அந்த வாக்கைச் சட்டப்படியே காப்பாற்ற முடியாது.

சட்டம் அப்போதுதான் மெல்ல உள்ளே வந்தது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையை ஒவ்வொருவர் மீதும் சுமத்துகிறது. தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தன் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இதைக் கேட்ட ஒரு தலைமையாசிரியர் எழுந்து, “மேடம், விசாரிக்காமல் சொல்லி, அது பொய்யாகிவிட்டால் ஒரு மனுசனுடைய வாழ்க்கையே போய்விடுமே” என்றார். நியாயமான கேள்வி, இதைக் கேட்பவரைக் குற்றவாளிக்குப் பரிந்து பேசுபவராகப் பார்ப்பது தவறு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று அதே 19ஆம் பிரிவு சொல்வதை ஒருங்கிணைப்பாளர் படித்துக் காட்டினார். பிறகு, “சார், விசாரிப்பது உங்கள் வேலை இல்லை என்றுதான் சட்டம் உங்களைக் காப்பாற்றுகிறது. நீங்கள் ஒரு கமிட்டி போட்டு, பிள்ளையையும் அந்த ஆளையும் எதிரெதிரே உட்கார வைத்தால்தான் இரண்டு பேர் வாழ்க்கையும் போகும்” என்றார். தலைமையாசிரியர் உட்கார்ந்தார். சம்மதமா, மௌனமா என்று எனக்குத் தெரியவில்லை.

மாலையில் கடைசி அரை மணி நேரம் மட்டும் புள்ளிவிவரம். பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையான பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சிறுவர்கள் என்பதைக் கேட்டபோது, பின்வரிசை ஆண் ஆசிரியர்களிடையே இருந்த சலசலப்பு நின்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளிலோ, போக்சோ வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருப்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். ஆபத்து, அப்பாவோடு சேர்ந்து தேநீர் குடித்துவிட்டுப் பிள்ளைக்குப் பேனா வாங்கிக்கொண்டு வருகிற ஆளிடம் இருந்தது.

செவ்வாய், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து அஞ்செட்டி வருவதற்குள் மொழி மூன்று முறை மாறிவிட்டது. பேருந்தில் முன்னால் தெலுங்கு, பின்னால் கன்னடம், நடத்துநரிடம் தமிழ். என்னோடு வந்த கள அலுவலருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மூன்றிலும் சரளமாகச் சண்டை போடுகிறார். இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி அதுதானாம். வழியெல்லாம் கேழ்வரகுக் கொல்லைகளில் பரண் கட்டியிருந்தார்கள். கதிர் முற்றினால் யானைகள் இறங்கும். இந்தப் பருவத்தில் ஆண்கள் இரவெல்லாம் பரணில் காவல் இருக்க, பெண்களும் கிழவிகளும் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பார்கள் என்றும், அந்த மாதங்களில் வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்பதைத் தான் கூடுதலாகக் கவனிப்பதுண்டு என்றும் கள அலுவலர் சொன்னார்.

ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டம் மாலை விளக்கு வைத்த பிறகுதான் கூடியது. பகலில் கூட்டினால் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் வரும், ஆள் வராது. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவினர், இரண்டு பிள்ளைகள் எனக் குழு அமைந்திருந்தது. பேச்சு பாலியல் குற்றத்தைப் பற்றித் தொடங்கவே இல்லை. பேருந்தைப் பற்றித் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கான காலைப் பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, மாலையில் திரும்பும்போது இருட்டிவிடுகிறது, காட்டுப் பாதையில் வயதுக்கு வந்த பெண்ணை எப்படி அனுப்புவது என்று ஒரு தாய் கேட்டார். அடுத்தது பெங்களூரு. கட்டட வேலைக்குக் கணவனும் மனைவியுமாகப் போய்விடுகிறார்கள், பெண் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள், ஆயாவுக்கு முடியவில்லை. “அவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா எங்களுக்கு நிம்மதிங்க” என்றார் அந்தத் தாய். தாய்மாமனே காத்திருக்கும்போது எதற்குத் தாமதம் என்பது அங்கே ஒரு வாதமாகக்கூட முன்வைக்கப்படுவதில்லை, அது இயல்பு.

நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைக் கேட்டதும் அறியாமை, மூடநம்பிக்கை என்ற சொற்கள் நாக்கின் நுனியில் வந்து நிற்கும். நான் கவனித்தவரையில் அந்தத் தாய்க்கு எந்த அறியாமையும் இல்லை. தனியாக விடப்பட்ட பெண் பிள்ளைக்கு என்ன நேரக்கூடும் என்பதை எங்கள் எல்லோரையும்விட அவர் நன்றாக அறிந்திருந்தார். அதிலிருந்து காப்பாற்றத் தனக்குத் தெரிந்த ஒரே வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார், அவ்வளவுதான். அந்த வழியே வன்முறையாக முடிகிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயது வரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 18 வயதுக்குக் குறைந்த மனைவியுடனான உறவும் வன்புணர்வுக் குற்றமே என்று தீர்ப்பளித்த பிறகு, தாலி கட்டியவன் என்பது எந்தப் பாதுகாப்பையும் தராது. சுகாதார நிலையத்தில் பதினாறு வயதுக் கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போதே மருத்துவர் காவல் துறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குப் பயந்து பேறுகாலப் பதிவுக்கே வராமல் ஒளிந்துகொள்ளும் சிறுமிகள் உண்டு. அப்படி ஒளிவது உயிருக்கே ஆபத்து.

கள அலுவலரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் புகார்களின் பட்டியல் இருக்கும் என்று எதிர்பார்த்தால், எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடிக்கப்போகும் பெண் பிள்ளைகளின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் பெற்றோர் எந்த மாதம் பெங்களூரு போகிறார்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, விடுதிக்கு விண்ணப்பித்தாயிற்றா, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, வீட்டில் மணவயதில் மாமன் இருக்கிறாரா என்று குறித்திருந்தார். ஜூன் மாதத்துக்குள் விடுதியில் ஓர் இடம் வாங்கிவிட்டால் அந்த ஆண்டுக் கல்யாணம் தள்ளிப்போகும் என்றார். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து, “இன்னும் ரெண்டு வருசம் பொறுங்கம்மா” என்று சொல்வதற்குக் கையில் ஏதோ ஒன்று இருக்கிறதாம். நோட்டின் இந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு, நான் சென்னையில் எழுதி வைத்திருந்த கையேட்டின் பொருளடக்கம் வேறு யாருக்கோ எழுதியதுபோல் தோன்றியது.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் வேலை கடினமாகிவிடுகிறது. தகவல் வந்ததும் குழந்தைத் திருமணத் தடை அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலர் காவல் துறையோடு வருவார், பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள், பந்தல் பிரிக்கப்படும். பதினைந்து நாள் கழித்துக் கர்நாடக எல்லைக்கு அப்பால் ஒரு கோயிலில் தாலி ஏறியிருக்கும். அதனால் கல்யாணத்தை நிறுத்திய நாளைவிட அதற்குப் பிந்திய மாதம்தான் முக்கியம் என்று, வாரம் ஒரு முறை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் திட்டுவார்கள், இரண்டாம் வாரம் பேசமாட்டார்கள், மூன்றாம் வாரம் களி போடுவார்கள் என்றார் கள அலுவலர். இன்று எங்களுக்குக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தன.

புதன், ஒகேனக்கல் வழியாகப் பென்னாகரம்

நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுக்குள் இறங்கி ஒகேனக்கல் வந்தோம். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட காடு இது. பாதி வழிக்குமேல் கைப்பேசியில் சிக்னல் இல்லை. 1098க்கும் இங்கே வழி இல்லை. ஆகவே மலைக் கிராமங்களில் எண்ணைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், யார் வீட்டுக்கு ஓடலாம் என்று ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு பெரியவர்களின் பெயரைச் சொல்ல வைக்கிறார்கள். ஒருவர் கட்டாயமாகக் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்ப்பவர்கள், பரிசல் ஓட்டுபவர்கள், மீன் வறுப்பவர்கள் ஆகியோரைச் சந்தித்துப் பேசுவது இவர்களுடைய மாதாந்திர வேலை. ஒரு பிள்ளையும் கூட வந்தவரும் பொருந்தவில்லை என்று அவர்களுக்கு எளிதில் தெரிந்துவிடுகிறது. வறுத்த கட்லா நன்றாக இருந்தது. பென்னாகரத்தில் இரவு தங்கல்.

வியாழன், தருமபுரி

காலையில், குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரோடு நீதிமன்ற வளாகம்வரை போனேன், உள்ளே போகவில்லை. போக்சோ வழக்கு மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தாளருக்கு அங்கே வேலை இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, துணை நபராக ஆறு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வழக்குப் பதிவானதும் காவல் துறை 24 மணி நேரத்துக்குள், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் அந்தக் குழு ஒரு துணை நபரை நியமிக்கும். புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்புவரை, மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் இழப்பீட்டு மனுவுக்கும் கூடவே நடப்பவர் அவர். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், துணை நபர்களை நியமிப்பதற்கும் பயிற்றுவிப்பதற்கும் முறையான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டதிலிருந்து இந்தப் பணிக்கு ஓரளவு மரியாதை வந்திருக்கிறது என்றார்.

அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி, காகிதத்தில் இருக்கும் சட்டத்தைக் காலையில் எழுந்து நடத்தி வைப்பது எப்படி என்பதைப் பற்றியது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும், இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் இந்த வழக்குகளைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள்தாம் விசாரிக்கின்றன. ஆய்வாளர் நல்லவராகவே இருந்தாலும் சாதாரண உடையில் ஜீப்பில் வந்து இறங்கினால் தெரு முழுவதும் கூடிவிடும். ஆகவே ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே பேசி வைப்பது துணை நபரின் வேலை. சட்டத்தில் ஜீப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதி குழந்தைக்குப் புரியும்படி கேட்பார். குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. திரையோ காணொலியோ வேண்டும். ஆனால் திரை அறைக்குள்தான் இருக்கும், தாழ்வாரத்தில் இருக்காது. கழிவறைக்குப் போகும் வழியில் எதிரெதிரே சந்தித்துவிட்டால் அதுவரை செய்த ஆயத்தமெல்லாம் வீணாகிவிடும். எனவே வழக்கு நாளுக்கு முன்தினமே போய், எந்தக் கதவு, எந்தப் படிக்கட்டு, எங்கே தண்ணீர் என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொள்கிறார். குழந்தையையும் ஒருநாள் முன்பாக அழைத்துப்போய்க் காலியான அறையைக் காட்டிவிடுகிறார். நாற்காலி உயரமாக இருந்தால் காலுக்கு ஒரு பலகை.

நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. நடைமுறையில் அது பலமுறை தவறுவதைப் பார்த்த பிறகே, நூற்றுக்கு மேல் வழக்குகள் தேங்கிய மாவட்டங்களில் தனி நீதிமன்றம் அமைக்கும்படி 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாமதத்தின் விலை என்னவென்று கேட்டேன். குழந்தை மறக்கத் தொடங்கும்போதுதான் சாட்சிக்கூண்டுக்கு அழைப்பு வரும் என்றார். மறப்பது அதன் உரிமை, நினைவில் வைத்திருப்பது வழக்கின் தேவை. இரண்டுக்கும் நடுவில் தன்னால் எந்தப் பக்கமும் முழுமையாக நிற்க முடியவில்லை என்பதே இந்தப் பணியில் தனக்கு மிகவும் கடினமான பகுதி என்றார். சாட்சியை மாற்றிச் சொல்ல வைப்பதற்கு மிரட்டலைவிடச் சொந்தக்காரர்களின் அழுகைதான் அதிகம் உதவுகிறது என்பதையும் அவரிடமிருந்தே கேட்டேன். சித்தப்பா சிறைக்குப் போனால் சித்தியும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்களே என்று பாட்டி காலில் விழுவார். பாட்டி நடிக்கவில்லை.

வெள்ளி, தருமபுரி

இன்று அலுவலகத்திலேயே இருந்தோம். மாதத்தில் ஒரு நாள் பணியாளர்கள் எல்லோரும் கூடி வழக்குகளைப் பற்றி அல்லாமல் தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு மனநல மருத்துவர் வருகிறார். ஒரு கள அலுவலர், தன் ஐந்து வயது மகளைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம்கூட விடமுடியவில்லை, மாமியார் தன்னைப் பைத்தியம் என்கிறார் என்றார். இன்னொருவர், ஆண், பேருந்தில் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்தாலே எழுந்து நின்றுவிடுவதாகச் சொன்னார். மருத்துவர் இவற்றைச் சரிசெய்ய முயலவில்லை, கேட்டார். ஓய்வு எடுங்கள் என்று சொல்வது எளிது. திட்ட நிதி மார்ச்சோடு முடிகிறவர்களுக்கு ஓய்வு எங்கே? சம்பளம் என்னவென்று நான் கேட்டதற்கு ஒருவர் சிரித்துவிட்டு, ஓசூர்க் கம்பெனியில் வரவேற்பறையில் உட்கார்ந்தால் இதைவிட அதிகம் என்றார். பயிற்சி பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள். அவர்களோடு அவர்கள் நோட்டுப் புத்தகமும், எந்தத் திண்ணையில் எந்த வாரம் களி போட்டார்கள் என்ற அறிவும் போய்விடுகின்றன. நன்கொடையாளர்கள் மீட்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். நடக்காமல் போன தீங்கை எந்த அட்டவணையில் காட்டுவது என்பது இந்த அலுவலகத்தின் நிரந்தரத் தலைவலி.

பிற்பகலில் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் வீட்டைவிட்டுப் போகிறார்கள். பெண் வீட்டார், பெரும்பாலும் பையனின் சாதியைப் பார்த்து, போக்சோவில் புகார் தருகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையைச் சிதைத்தவன் நிற்கும் அதே சட்டத்தின் முன்தான் அந்தப் பையனும் நிற்கிறான். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய வழக்கு ஒன்றை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்துக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று குறிப்பிட்டார். இளைய பணியாளர்கள் சம்மத வயதைக் குறைக்க வேண்டும் என்றார்கள். மூத்தவர்கள் ஒப்பவில்லை; வயதைக் குறைத்தால் பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் மாமன்களுக்குக் கதவு திறந்துவிடும் என்றார்கள். எனக்கு இளையவர்கள் பக்கமே மனம் சாய்ந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நேரில் பார்த்திருக்காவிட்டால் மூத்தவர்களின் அச்சத்தை நான் பழமை என்று தள்ளியிருப்பேன்.

சனி, சேலம்

தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சேலம் வந்து சேர மதியமாகிவிட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. பெண் சிசுவைக் கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்ற அந்த அழைப்பு, கொலையைத் தடுக்கும் அளவில் பயன்பட்டாலும், பெண் பிள்ளையைக் கைவிடலாம் என்ற எண்ணத்தைத் தொடவில்லை என்று அன்றே பலர் எழுதினார்கள். நான் அந்த விமர்சனத்தை ஒப்புக்கொள்பவள்தான். என்றாலும் உயிரோடு இருப்பது முதல் உரிமை என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

மாலையில் கையேட்டின் வரைவை எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். முதல் இயலாக நான் வைத்திருந்த சட்ட விளக்கம் கடைசிக்குப் போயிற்று. “உங்கள் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்ற இயலை இரண்டு பக்கமாகக் குறைத்தார்கள். கத்து, ஓடு, சொல் என்று எவ்வளவு கற்றுக்கொடுத்தாலும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பொறுப்பை ஏழு வயதின் தோளில் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதன் இடத்தில், பிள்ளை சொல்லும் முதல் வாக்கியத்தைக் கேட்பது எப்படி என்பது முதல் இயலாக வந்தது. இரண்டாம் இயலில் விடுதி விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், பேருந்து நேரத்துக்கான மனு ஆகியவற்றின் மாதிரிகள். கள அலுவலரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து பெயர்களை எடுத்துவிட்டு அந்தக் கட்டங்களை அப்படியே அச்சிடுவதென்று முடிவாயிற்று. அட்டையில் அழும் குழந்தையின் ஓவியத்தைப் போடலாம் என்று ஓவியர் அனுப்பியிருந்ததை ஒருவரும் ஏற்கவில்லை. என்ன போடலாம் என்று கேட்டதற்கு, பெரியவர்கள் ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து கூட்டம் போடுவதுபோல் வரையச் சொல்லுங்கள் என்றார் அஞ்செட்டிக் கள அலுவலர். திங்கட்கிழமை அந்த ஊர்க் குழுவில் வரைவைப் படித்துக் காட்டி, புரியாத சொற்களை அவர்களே அடித்துத் திருத்தட்டும் என்று, தெலுங்கும் கன்னடமும் அறிந்த இருவருக்கு ஆளுக்கொரு படி எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.